இலவசத்தின் விலை

(திருநின்றவூரில், பொதுமக்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றிலும் எளிய மக்களுக்குக் கைகொடுத்த புதுமைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு பெரிது, நேரம் சிறிது. மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் இங்கே பாதிப்பேர். ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை ஏழை ஏன் வந்து வாங்கிக்கொள்வதில்லை?

அரசுப் பள்ளி இலவசம். பாடப்புத்தகம் இலவசம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், அறுவை சிகிச்சை இலவசம். இருந்தும் பள்ளிக்கு வராத பிள்ளை இருக்கிறான். சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்ட பாட்டி இருக்கிறாள். ஏன்?

"அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லைங்க" என்பார்கள் படித்தவர்கள். இந்தப் பதிலை எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம்! நான் இதை ஏற்பதில்லை. ஏழைக்குக் கணக்குத் தெரியும், நம்மைவிட நன்றாகவே தெரியும். இலவச மருந்து வாங்கப் போனால் ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு, துணைக்கு வரும் மகன் இழக்கும் ஒருநாள் கூலி எவ்வளவு, வரிசை நீண்டு மதியமாகிவிட்டால் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று அந்தப் பாட்டி விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறாள். எண்ணிப் பார்த்துத்தான் வராமல் இருக்கிறாள். இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு தோழர்களே! அந்த மறைந்திருக்கும் விலையைக் கண்டுபிடித்து, அதை மக்கள் தலையிலிருந்து இறக்கி வைத்தவர் யாரோ, அவரைத்தான் நான் புதுமை செய்தவர் என்பேன். மற்றவர்களெல்லாம் ரிப்பன் வெட்டியவர்கள்.

மதுரைக்குப் போவோம். 1976. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார். வயது 58. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைப் பழக்கிப் பழக்கி ஆயிரமாயிரம் கண்களுக்கு அறுவை செய்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தரக்கூடியவரிடம் வாங்கி, தர முடியாதவருக்கு இலவசமாகச் செய்வது என்பது ஏற்பாடு. இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத பகுதிக்கு வருகிறேன்.

கிராமம் கிராமமாக முகாம் போட்டார்கள். கண்புரை இருக்கிறது, அறுவை செய்தால் பார்வை வரும், காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். என்ன நடந்திருக்கும்? வரிசை கட்டி வந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? பலர் வரவே இல்லை. தேடிப்போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்றார் ஒருவர். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை என்றார் இன்னொருவர். போன இடத்தில் யார் சோறு போடுவார்கள் என்றார் மற்றொருவர். பயமாக இருக்கிறது என்றார்கள் பலர். அறுவை சிகிச்சையின் விலையைத்தான் மருத்துவமனை தள்ளுபடி செய்திருந்தது. பார்வையின் விலை அப்படியே நின்றது.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் புதுமை. முகாம் நடந்த அன்றைக்கே, அங்கேயே, பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து போனால் பயம் பாதி குறையும் அல்லவா? மருத்துவமனையில் பாய் கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், கட்டுப் பிரித்துத் திரும்பவும் ஊரில் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது நூறு டாலர் அளவில் விலை. 1992ல் ஆரோலேப் என்று ஒரு தொழிற்சாலையே தொடங்கி, அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். லென்ஸைப் பற்றி உலகமே எழுதியது. எனக்கென்னவோ அந்த லென்ஸைவிட அந்த பஸ்தான் பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றுகிறது. இன்றைக்கு அதே மருத்துவமனை நமக்குப் பக்கத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் இருக்கிறது. போகாதவர்கள் போய்ப் பாருங்கள்.

இதே கணக்கைத் தமிழ்நாடு அரசும் ஒருநாள் போட்டுப் பார்த்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு இயன்முறைப் பயிற்சி கட்டிலருகே வருகிறது. 2024ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. மாத்திரை பழைய மாத்திரைதான். யார் நடப்பது என்பதுதான் மாறியது. இவ்வளவு காலம் நோயாளி நடந்தார். இப்போது அரசாங்கம் நடக்கிறது. நடக்கட்டுமே! இளைத்தால் நல்லதுதான்.

கல்விக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தின் மறைந்த விலை எது? முதல் விலை பசி. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. 1920ல் சென்னை மாநகராட்சியில் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி தரத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்றது தீர்மானம். ஓரணா! பிள்ளைகள் வந்தார்கள். மற்றப் பள்ளிகளுக்கும் போனது. ஆரம்பக் கல்வி நிதியில் இந்தச் செலவை ஏற்க முடியாது என்று 1925ல் வெள்ளைக்கார அரசாங்கம் நிறுத்திவிட்டது. சோறு கல்விக்குள் வராது என்று அந்தக் கோப்பில் முடிவு செய்தவர் வயிறு நிறையச் சாப்பிட்டவராகத்தான் இருக்க வேண்டும். பிறகு காமராசர் வந்தார், மதிய உணவு வந்தது. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022ல் காலை உணவும் சேர்ந்தது. ஓரணாவிலிருந்து காலை உணவுவரை 102 ஆண்டுகள். ஒரு பிள்ளையின் பசியை முழுதாகப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

பசி ஒரு விலை. தூரம் இன்னொரு விலை. பெண் பிள்ளை என்றால் அந்த விலை இரட்டிப்பு. 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுக்காகத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். எதற்குச் சைக்கிள்? அப்பா வந்தால்தான் வெளியூர், அண்ணன் கூட்டிப்போனால்தான் ஆஸ்பத்திரி என்று இருந்த பெண் எந்த வகுப்புக்குத்தான் வர முடியும்? ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள், செவிலியர்கள், ஆசிரியைகள். கேலி இருந்தது, ஏச்சு இருந்தது. பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டே மிதித்தார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பரவாயில்லை, ஆண்கள் சைக்கிளே கொடுங்கள் என்றார்கள் சிலர். முன்னால் இருக்கும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமாம்! எந்த நிபுணர் குழு இதைச் சொல்லியிருக்கும்?

நம்ம ஊருக்கு வருவோம். பூசலார் நாயனாரின் ஊரில் நின்றுகொண்டு அவரைப் பேசாமல் போனால் நீங்களே விடமாட்டீர்கள். கையில் காசில்லாதவர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. கேட்ட இடத்தில் எதுவும் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கு நாளையே இறைவன் இவருக்காகத் தள்ளிவைக்கச் சொன்னார் என்பது புராணம். பக்தியைப் பற்றிப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் கவனிப்பது வேறு. மனத்தில்தானே கட்டுகிறோம் என்று அவர் கருவறையோடு நிறுத்திக்கொண்டாரா? இல்லை. சுதை பூசினார், மதில் எழுப்பினார், கிணறு வெட்டினார், குளம் தோண்டினார். ஒன்றையும் விடவில்லை. நம் திட்டங்களைப் பாருங்கள். கருவறை இருக்கும், கிணறு இருக்காது. பள்ளி இருக்கும், பஸ் இருக்காது. மருத்துவமனை இருக்கும், துணைக்கு வந்தவர் உட்கார இடம் இருக்காது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கசுவா கிராமத்தில் 1988ல் வி. முரளிதரன் தொடங்கிய சேவாலயா இருக்கிறது. பாரதி, காந்தி, விவேகானந்தர் மூவரையும் வழிகாட்டியாகக் கொண்ட இடம். மகாகவி பாரதியார் பெயரில் கட்டணமில்லாத பள்ளி. அதே வளாகத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடு, முதியோருக்கு வீடு, மருத்துவ மையம், மாட்டுக் கொட்டகை, வயல். எல்லாவற்றையும் ஏன் ஓரிடத்தில் குவிக்க வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளையின் வாழ்க்கை துறை துறையாகப் பிரிந்து கிடப்பதில்லையே! காய்ச்சல் வந்தால் பள்ளி போகிறது. வீட்டில் சோறில்லை என்றாலும் பள்ளி போகிறது. கிணற்றையும் சேர்த்துக் கட்டினால்தான் கோயில்.

இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகள் இருக்கின்றன. ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே பள்ளியில் பாதி வருடம், இங்கே மண்ணில் பாதி வருடம். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தமிழ்ப் பள்ளியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பெயர் கூடும், அவ்வளவுதான். அதனால் அனைவருக்கும் கல்வி இயக்கமும் எய்டெ ஆக்சன் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, சூளையின் பக்கத்திலேயே ஒடியா மொழியில் வகுப்பு நடத்தினார்கள். புத்தகமும் ஒடியா, சொல்லித்தருபவரும் ஒடியாக்காரர். மொழியும் ஒரு விலை. அதை ஏழு வயதுக் குழந்தையிடம் வசூலிக்கக் கூடாது என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

அதே சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் நம் இருளர் பழங்குடி மக்கள் கொத்தடிமைகளாகக் கிடந்ததை நீங்கள் அறிவீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல். அதற்குப் பிறகும் மீட்டார்கள், மீட்டார்கள், மீட்டுக்கொண்டே இருந்தார்கள். மீட்கப்பட்டவர்களில் சிலர் வேறு வழியில்லாமல் இன்னொரு சூளைக்குப் போய் முன்பணம் வாங்கினார்கள். விடுதலைச் சான்றிதழ் இலவசம். மறுநாள் சாப்பாடு? அந்த இடத்தில்தான் ஒரு நல்ல யோசனை வந்தது. மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு, மீட்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்தும் 'சிறகு' செங்கல் சூளை இதே திருவள்ளூர் மாவட்டத்தில் எழுந்தது. தெரிந்த தொழில், தங்கள் கணக்கு, தங்கள் செங்கல்.

இருளரைப் பற்றி இன்னும் ஒன்று. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் பாம்புத் தோலை நம்பிப் பிழைத்த இருளரின் அடுப்பு அணைந்தது. காட்டைக் காக்கும் செலவைக் காட்டோரத்தில் இருப்பவன் தலையில் கட்டினோம். 1978ல் பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இடம் வடநெம்மேலி, மாமல்லபுரம் சாலை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் அனுமதியோடு பிடிக்கிறார்கள். மண்பானையில் வைத்துத் துணியால் வாய் கட்டுகிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து விஷம் எடுக்கிறார்கள். வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, திரும்பவும் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி கையில் சிக்கினால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிட வேண்டும். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. பாம்பும் பிழைத்தது, கடிபட்டவரும் பிழைத்தார், பிடித்தவர் வீட்டிலும் உலை கொதித்தது. 2023ல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பத்மஸ்ரீ கொடுத்த நாட்டில், இருளர் பிள்ளைக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கிடைப்பதற்குள் செருப்புத் தேய்கிறது. ஒரு இ-சேவை மையத்தில் நானே பார்த்தேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக ஒரு தாய். "பிள்ளையோட அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்காம்மா?" என்று கேட்கிறார்கள். "இருந்தா நான் ஏங்கய்யா இங்க வரேன்?" என்கிறாள். எவ்வளவு சரியான பதில்! அப்பனுக்கு இல்லாததால் பிள்ளைக்கு இல்லை, பிள்ளைக்கு இல்லாததால் நாளைக்குப் பேரனுக்கும் இருக்காது. சான்றிதழ் இல்லாமல் உதவித்தொகை இல்லை, கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் இல்லை.

இனி சுற்றுச்சூழல். இந்த இடத்தில் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சிப்காட் தொழிற்பேட்டையின் புகையைச் சுவாசித்து வளர்ந்தவர்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறேன்? ஆனால் ஒரு கதை சொல்ல முடியும். அதுவும் சிப்காட் கதைதான், கடலூர் சிப்காட். ரசாயன ஆலைகளைச் சுற்றியிருந்த கிராமங்களில் இரவானால் நாற்றம். புகார் கொடுக்கப் போனால், "ஆதாரம் எங்கே?" என்பார்கள். அதிகாரி வரும் நேரத்தில் காற்று சுத்தமாக இருக்கும்! காற்றை அளக்கும் கருவியின் விலையோ ஊரையே விற்றாலும் கட்டாது. 2004 வாக்கில் அந்தக் கிராமத்து மக்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் எடுத்தார்கள். அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் தொடங்கிய முறை அது. வாளிக்குள் ஒரு பை, வாளிக்கு இறுக்கமான மூடி, காற்றை இழுக்க ஒரு சின்னப் பம்பு. நாற்றம் வந்த அந்த நிமிடமே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசைக் காற்று, என்ன வாடை என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். அழுகிய முட்டை வாடை என்று எழுதுவதற்கு எம்.எஸ்சி. வேண்டுமா என்ன? மூக்கு போதும், நோட்டு போதும், விடாப்பிடி போதும். வந்த அறிக்கையில் நச்சு ரசாயனங்களின் பட்டியல் இருந்தது. அதற்குப் பிறகு அவர்களை வெறுங்கையோடு யாரும் திருப்பி அனுப்ப முடியவில்லை.

கடைசியாக நம் மாவட்டத்துக் குத்தம்பாக்கம். பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையோரம். ரங்கசாமி இளங்கோ அந்த ஊரின் தலித் குடும்பத்தில் பிறந்து வேதிப்பொறியியல் படித்தவர். மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996ல் ஊராட்சித் தலைவரானார். கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டும். பக்கத்தில் கிரானைட் பாலிஷ் செய்யும் இடத்தில் கழிவுக் கற்கள் குவிந்து கிடந்தன. அவற்றை வைத்துக் குறைந்த செலவில் கட்டி முடித்தார். திட்ட மதிப்பீட்டில் சொன்ன பொருளைப் போடவில்லை என்று பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். காசை வீணடித்தவர்கள் உட்கார்ந்திருக்க, மிச்சப்படுத்தியவர் வெளியே! அவர் யாரிடம் போனார்? கிராம சபைக்குப் போனார். ஊர் கூடி அவர் பக்கம் நின்றது. பதவி திரும்ப வந்தது.

எல்லாச் சாதியினரையும் ஒன்றாகக் குடியமர்த்த 1997ல் கலைஞர் அறிவித்த சமத்துவபுரம் இந்த ஊருக்கும் வந்தது. நூறு வீடுகள். இளங்கோ என்ன செய்தார் தெரியுமா? தனித்தனி வீடாகக் கட்டாமல் இரட்டை வீடுகளாகக் கட்ட வைத்தார். ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் வேறு சாதிக் குடும்பம், நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் ஆணி அடித்தால் அந்த வீட்டில் கேட்கும். அந்த வீட்டுக் குழந்தை இரவில் அழுதால் இந்த வீட்டில் விளக்கு எரியும். ஊருக்கும் சேரிக்கும் நடுவே காலங்காலமாகக் கிடந்த தூரத்தை ஒன்பது அங்குலச் சுவராகச் சுருக்கிக் காட்டினார். கற்களையும் ஊர் மண்ணிலேயே அழுத்திச் செய்தார்கள், கூலி ஊருக்குள்ளேயே நின்றது. நான் இன்று சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இந்தச் சுவரைத்தான் சொல்வேன்.

இப்போது சிலர் கேட்கலாம்: "ஐயா, செயலி, செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் பற்றிப் பேசவே இல்லையே?" கருவி எதற்கும் நான் பகைவனல்ல. ஆனால் ஒரு செயலியைக் கொண்டுவரும் தம்பியிடம் ஒன்றைக் கேட்பேன்: ரீசார்ஜ் செய்யக் காசில்லாத வீட்டில் இது என்ன செய்யும்? அதற்குப் பதில் வைத்திருந்தால் வாருங்கள், மாலை போட்டு வரவேற்கிறோம்.

தோழர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, மாணவர்களுக்கு. இங்கே சுற்றி இருக்கும் இருளர் குடியிருப்புகளுக்குப் போய், பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் சான்றிதழ் விண்ணப்பத்தைக் கையில் எடுங்கள். இ-சேவை மையத்தில் தொடங்கி, கோட்டாட்சியர் அலுவலகம்வரை, சான்றிதழ் கைக்கு வரும் நாள்வரை அந்தக் குடும்பத்தோடு நடங்கள். கூலியை இழந்து அந்தத் தாய் நடக்கும் நடையில் பாதியை நீங்கள் நடங்கள். இரண்டாவது, ஊராட்சிகளிலிருந்து வந்திருப்பவர்களுக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த சபைக்குப் போங்கள். கும்மிடிப்பூண்டித் தோழர்களே, கடலூர்க்காரர்களைப் போல வாடை எழுதிய நோட்டோடு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை எழுதப்பட்டதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.